பெட்டிக்குள் இருந்து பேசும் வியாபாரி
தொலைக்காட்சி விளம்பரங்கள் எம்மை இணங்கவைப்பது எப்படி?

பொழுதுபட்ட நேரம். இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் கொட்டில் வரிசையில் ஒரு வீட்டில் மட்டும் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கின்றது. நாடகம் பார்ப்பதற்காக அயலிலுள்ள பெண்களும் சிறுவர்களும் அங்கே கூடிவிடுகின்றார்கள். நாடகத்தின் நடுவே ஒரு விளம்பரம் வருகின்றது. பச்சைப் புல்வெளி, அதில் மேயும் கொழுத்த மாடுகள், வெளிச்சம் நிறைந்த பெரிய குசினி, சிரித்த முகத்தோடு ஒரு தாய், அவள் கரைத்துக் கொடுக்கும் பாலைக் குடித்துவிட்டு ஓட்டப் போட்டியில் முதலாவதாக வரும் பிள்ளை. முப்பது செக்கன்களில் எல்லாம் முடிந்துவிடுகின்றது. பார்த்துக்கொண்டிருந்த சிறுமி தாயின் கையைப் பிடித்து, "அம்மா, எங்களுக்கும் அந்தப் பால்மா வாங்குங்கோ" என்கின்றாள். தாய் மறுமொழி சொல்லவில்லை. ஊரில் அவளுக்கும் பசு நின்றது, பட்டியும் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை.

இது ஒரு வீட்டில் மட்டும் நடக்கும் காட்சி அல்ல. உங்களிற் பலர் இதை நேரிற் கண்டிருப்பீர்கள். அந்தத் தாயின் மௌனம் எங்கிருந்து வந்தது என்று சற்றுச் சிந்திப்போம். அன்று காலையில் அவள் பிள்ளைக்குக் குரக்கன் கஞ்சியோ, அவித்த பயறோ கொடுத்திருப்பாள். அப்போது தான் பிள்ளைக்குக் குறைவைத்துவிட்டதாக அவள் எண்ணவில்லை. மாலையில் முப்பது செக்கன்களுக்குள் அந்த எண்ணம் அவளுக்கு வந்துவிட்டது. விளம்பரத்தின் வேலை இங்கேதான் தொடங்குகின்றது. அது பொருளை விற்பதற்கு முன்பு எமக்கு ஒரு குறையை விற்கின்றது. குறையை நாம் ஏற்றுக்கொண்டால் பொருள் தானாகவே விலைப்படும்.

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஏற்கெனவே உண்மையான குறைகள் உண்டு. காணி இல்லை, கிணறு இல்லை, சொந்த வீடு இல்லை, பிள்ளையின் நாளை என்னவாகுமோ என்ற ஏக்கமும் உண்டு. ஆகவே விளம்பரம் தட்டும்போது எமது கதவு மற்றவர்களின் கதவைவிட விரைவாகத் திறந்துகொள்கின்றது. கையிலுள்ள சொற்பப் பணத்தைக் காப்பாற்றவும், எமது மதிப்பை நாமே குறைத்துக்கொள்ளாமல் இருக்கவும், இந்த வியாபாரத்தின் நுட்பங்களை அறிந்துகொள்வது அவசியமாகும்.

நாடகத்துக்குப் பணம் கட்டுவது யார்?

தொலைக்காட்சி எமக்கு இலவசமாகக் கிடைப்பது போலத் தோன்றும். நிலையங்கள் தமது நேரத்தைக் கொம்பனிகளுக்கு விற்கின்றன. பெருந்தொகையானோர் பார்க்கும் நாடகத்தின் நடுவே கிடைக்கும் முப்பது செக்கன்களுக்குக் கூடிய விலை. கொம்பனி கொடுக்கும் அந்தப் பணம் சவர்க்காரத்தின் விலையிலும் பற்பசையின் விலையிலும் சேர்க்கப்படுகின்றது. எனவே தொலைக்காட்சியே இல்லாத வீட்டாரும், அந்தச் சவர்க்காரத்தை வாங்கும்போது விளம்பரச் செலவில் ஒரு பங்கைக் கட்டுகின்றார்கள்.

இந்த வழக்கம் நீண்ட காலத்துக்கு முன்பே தொடங்கியது. 1941 ஆம் ஆண்டு யூலை மாதம் 1 ஆம் திகதி நியூயோர்க் நகரில், ஒரு பந்து விளையாட்டு ஒளிபரப்பாவதற்கு முன்னர், புலோவா என்ற கடிகாரக் கொம்பனியின் விளம்பரம் காட்டப்பட்டது. அதற்கான கட்டணம் 9 டொலர் மட்டுமே. இலங்கையில் 1979 ஆம் ஆண்டு ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கின. இன்று அதே விளம்பரங்கள் கைத்தொலைபேசியிலும் வருகின்றன. பெட்டி சிறிதாகியிருக்கின்றது, வியாபாரம் மாறவில்லை.

முப்பது செக்கன் என்பது ஆறுதலாகச் சிந்திப்பதற்குப் போதாத நேரம். படம், பாட்டு, சிரிப்பு, கண்ணீர் எல்லாம் ஒன்றாக வந்து மனதைத் தொட்டுவிட்டுப் போய்விடும். சந்தையில் வெங்காய வியாபாரியிடம் நாம் மறுகேள்வி கேட்கலாம்; ஒன்றைக் கையில் எடுத்து அமத்திப் பார்க்கலாம்; விலை பேசலாம். பெட்டிக்குள் இருக்கும் வியாபாரியிடம் எதுவும் கேட்க முடியாது. ஆகவே அவன் கையாளும் வழிகளை முன்னரே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது வழி: அச்சத்தை எழுப்புதல்

லிஸ்ரரின் என்ற வாய்கழுவும் மருந்து 1879 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. அது முதலில் சத்திரசிகிச்சையின்போது கிருமிகளைக் கொல்லும் மருந்தாகவே பயன்பட்டது. 1920 களில் அதன் உரிமையாளர்கள் புதிய விளம்பரத்தைத் தொடங்கினார்கள். அழகும் குணமும் உள்ள ஒரு பெண்ணுக்குத் திருமணம் நடக்கவில்லை. காரணம் அவளது வாய்நாற்றம். அதை அவளுக்கு எவரும் சொல்லமாட்டார்கள் என்பதே கதை. பத்திரிகையில் அதைப் படித்த ஒவ்வொருவரும் தமது வாயைப் பற்றி ஐயுறத் தொடங்கினார்கள். மருந்து பெருமளவில் விற்பனையாயிற்று.

அதே மருந்து தடிமனையும் தொண்டை நோவையும் தடுக்கும் என்றும் பல பத்தாண்டுகளாக விளம்பரம் செய்யப்பட்டது. அது உண்மையல்ல என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1975 இல் தீர்மானித்தது. தமது மருந்து தடிமனைத் தடுக்காது என்று இனி வரும் விளம்பரங்களில் அவர்களே சொல்லவேண்டும் எனவும் கட்டளையிட்டது. 1977 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பொய் ஒன்று அரை நூற்றாண்டு காலம் வீடுகளுக்குள் உலாவியதன் பின்பே உண்மை வந்து சேர்ந்தது.

இன்றும் இதே வழி கையாளப்படுகின்றது. பிள்ளையின் கையிலே கிருமி, சேட்டின் கழுத்திலே அழுக்கு, முகத்திலே கருமை என்று முதலில் குறையைக் காட்டுவார்கள். அடுத்த செக்கனில் மருந்தைக் காட்டுவார்கள். தோலின் நிறத்தைக் குறையாகக் காட்டி விற்கப்பட்ட ஒரு முகப்பூச்சு 1975 இல் இந்தியாவில் அறிமுகமாகி எமது ஊர்களுக்கும் வந்தது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின்னர் 2020 இல் அதன் பெயரிலிருந்த 'வெண்மை' என்னும் பொருள் தரும் சொல்லை அந்தக் கொம்பனி நீக்கிக்கொண்டது. அதுவரை 45 ஆண்டுகளாக எத்தனை பெண்பிள்ளைகள் கண்ணாடியின் முன்னால் நின்று கலங்கியிருப்பார்கள்?

இரண்டாவது வழி: எம்மைப்போல் ஒருவரைப் பேசவைத்தல்

நாம் கொம்பனியை நம்புவதிலும் பார்க்க அயலவரை அதிகம் நம்புகின்றோம். விளம்பரம் செய்வோர் இதை நன்கு அறிவார்கள். இந்தியாவில் கர்சன்பாய் பட்டேல் என்பவர் 1969 இல் அஹமதாபாத்தில் தமது வீட்டிலேயே சலவைத்தூள் தயாரித்து, துவிச்சக்கர வண்டியில் கொண்டுசென்று விற்கத் தொடங்கினார். அதுவே நிர்மா. பெரிய கொம்பனியின் சேர்ஃப் தூளோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகக் குறைவு. ஏழை மக்களும் நடுத்தர மக்களும் நிர்மாவை வாங்கினார்கள்.

விலையிலே போட்டியிட முடியாத பெரிய கொம்பனி, 1980 களில் தொலைக்காட்சியில் லலிதாஜி என்ற குடும்பப் பெண்ணைக் கொண்டுவந்தது. சாதாரணச் சேலை உடுத்து, மரக்கறிக் கடையில் பேரம் பேசி, ஒவ்வொரு சதத்தையும் எண்ணிச் செலவு செய்யும் பெண் அவள். மலிவான பொருளை வாங்குவது வேறு, நல்ல பொருளை வாங்குவது வேறு என்று அவள் விளக்கினாள். சேர்ஃப் அரைக் கிலோ, மலிவான தூள் ஒரு கிலோவுக்குச் சமம் என்று கணக்கும் சொன்னாள். பார்த்த பெண்களுக்கு அவள் பக்கத்து வீட்டு அக்காவாகத் தோன்றினாள். உண்மையில் அவள் கவிதா சௌத்ரி என்ற நடிகை. வசனத்தை எழுதுவித்தவர்கள் விளம்பர நிறுவனத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். விலையை மட்டும் பார்க்காமல் தரத்தையும் பார் என்பது நல்ல புத்திமதிதான். ஆனால் அந்த அரைக் கிலோ உண்மையில் ஒரு கிலோவுக்குச் சமமா என்பதை அளந்து பார்த்தவர் யார்? விற்பவரே அளந்து, விற்பவரே சொல்லி, அதை எமது அயலவர் போன்ற ஒருவரின் வாயால் சொல்லவைத்தார்கள். வெள்ளைச் சட்டை அணிந்து வைத்தியர் போல வந்து பற்பசையைப் புகழ்பவரும், துடுப்பாட்ட வீரரும், சினிமா நடிகரும் இதே வேலையைத்தான் செய்கின்றார்கள். அவர்கள் பேசுவதற்குப் பணம் பெறுகின்றார்கள் என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது வழி: நாம் விரும்பும் படத்தோடு பொருளைப் பிணைத்தல்

மார்ல்பரோ என்ற சிகரெட் 1924 இல் பெண்களுக்கென்று விற்பனைக்கு வந்தது. அது அவ்வளவாக விலைப்படவில்லை. 1950 களின் நடுப்பகுதியில் கொம்பனி அதே பெயருக்குப் புதுப் படம் ஒன்றைக் கொடுத்தது. குதிரையின் மேல் அமர்ந்து மாடு மேய்க்கும் வலிமை மிக்க ஆண்மகன்; அகன்ற மலை; திறந்த வெளி. சிகரெட்டைப் பற்றி அதிகம் சொல்லப்படவில்லை. தொழிற்சாலையிலும் கந்தோரிலும் அடைபட்டுக் கிடந்த ஆண்கள், அந்தச் சுதந்திரம் தமக்கும் வரும் என்று எண்ணிப் புகைத்தார்கள். அந்த விளம்பரங்களில் தோன்றிய ஆண்களிற் சிலர் பிற்காலத்தில் புகைத்தலால் வரும் நோய்களினாலேயே இறந்தார்கள். அமெரிக்காவில் 1971 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் திகதி முதல் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுசாரத்துக்கும் விளம்பரம் செய்வதைத் தடைசெய்தது.

எமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. முதலிலே சொன்ன பால்மா விளம்பரத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அதிலே வந்த புல்வெளியும் மாடும் முற்றமும் நாம் இழந்தவை. அவற்றைக் காட்டும்போது எமது நெஞ்சு இளகுகின்றது. இளகிய நெஞ்சிலே பக்கற்றை வைக்கின்றார்கள். பக்கற்றை வாங்கினால் பக்கற்று வரும். பட்டியும் முற்றமும் வரமாட்டா.

நான்காவது வழி: கண்முன்னே செய்து காட்டுதல்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது எமது பெரியோர் வாக்கு. தொலைக்காட்சிக்கு இது மிகப் பொருத்தமானது.

1959 இல் அமெரிக்காவில் கொல்கேற் பாமோலிவ் கொம்பனியின் சவரப் பசை ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. அந்தப் பசையை மண்தாள் மீது பூசியவுடன், சவர அலகினால் ஒரே இழுப்பில் அதிலிருந்த மண் முழுவதும் வழிக்கப்படுவதைக் காட்டினார்கள். மண்தாளையே வழிக்கும் பசை தாடியை வழிக்காதா என்று பார்த்தவர்கள் எண்ணினார்கள். விசாரணையில் உண்மை வெளிவந்தது. காட்டப்பட்டது மண்தாளே அல்ல. கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தகட்டின் மேல் மண்ணைத் தூவி வைத்திருந்தார்கள். உண்மையான மண்தாளை அப்படி வழிப்பதானால் ஏறத்தாழ 80 நிமிடங்கள் ஊறவைக்க வேண்டியிருந்தது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. மக்களுக்குச் சொல்லாமல் போலியைக் காட்டிப் பரீட்சை என்று கூறுவது ஏமாற்று என 1965 இல் தீர்ப்பு வந்தது.

கறை படிந்த துணி பாதித் திரையில், வெள்ளைத் துணி மறுபாதியில் என்று காட்டும்போது இந்தச் சம்பவத்தை நினைவிற் கொள்ளுங்கள். எந்தத் தண்ணீர், எவ்வளவு தூள், எவ்வளவு நேரம் ஊறியது என்று அவர்கள் சொல்லமாட்டார்கள்.

ஐந்தாவது வழி: திரும்பத் திரும்பச் சொல்லுதல்

1977 இல் அமெரிக்காவில் மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்களுக்குச் சில கூற்றுக்களைக் கொடுத்து, எது உண்மையாக இருக்கக்கூடும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளிகளில் மூன்று தடவைகள் இவ்வாறு செய்தார்கள். சில கூற்றுக்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் மீண்டும் வந்தன. மீண்டும் மீண்டும் கேட்ட கூற்றுக்களையே மாணவர்கள் மேலும் மேலும் உண்மையென நம்பினார்கள். அவற்றுள் பொய்யானவையும் இருந்தன. பழகிய சொல்லை மனம் உண்மையான சொல்லாக எடுத்துக்கொள்கின்றது.

ஒரு நாடகத்துக்குள் ஒரே விளம்பரம் மூன்று நான்கு முறை வருவது இதனாலேதான். கடையில் இரண்டு சவர்க்காரங்கள் அருகருகே இருக்கும்போது, பாட்டோடு மனதில் நிற்கும் பெயரை நோக்கிக் கை தானாகவே நீளும்.

ஆறாவது வழி: பிள்ளைகளைத் தூது அனுப்புதல்

ஏழு, எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு, விளம்பரம் என்பது விற்பதற்காகச் செய்யப்படுவது என்று விளங்காது. அவர்களுக்கு அதுவும் ஒரு சிறிய கதை. ஆகவேதான் சுவீடனில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நோக்கிய தொலைக்காட்சி விளம்பரத்துக்கும், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நோக்கிய விளம்பரத்துக்கும் சட்டத்தினால் தடை உண்டு. பெற்றோர் மறுத்தாலும் பிள்ளை விடாது கேட்கும் என்பதைக் கொம்பனிகள் கணக்கிட்டு வைத்திருக்கின்றன. பிள்ளை கேட்பது பிழையல்ல. அதைக் கேட்கவைத்தவர் யார் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சொற்களைக் கவனியுங்கள்

விளம்பரத்தில் முழுப் பொய் சொல்லப்படுவது குறைவு. பாதி உண்மைகளே அதிகம். "99 சதவீதம் வரை" என்றால் 10 சதவீதமும் அதற்குள் அடங்கும். "வளர்ச்சிக்கு உதவும்" என்பது சோற்றுக்கும் பொருந்தும். "இதிலும் சிறந்தது இல்லை" என்றால் மற்றவையும் இதே தரமானவையாக இருக்கலாம். "மாதம் இவ்வளவுதான்" என்று தவணைப் பணத்தைப் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பவை சிறிய எழுத்தில் ஓடி மறையும்.

கமக்காரர்கள் மருந்து விளம்பரங்களில் மேலும் கவனமாக இருத்தல் வேண்டும். கிருமிநாசினிகளை "பாதுகாப்பானது", "தீங்கற்றது", "நஞ்சற்றது" என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய ஸ்தாபனம் 1985 இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை கூறுகின்றது. "சொன்ன முறைப்படி பாவித்தால்" என்ற சொற்களைச் சேர்த்தாலும் அப்படிச் சொல்லக்கூடாது. பச்சை வயலின் நடுவே, முகத்தை மூடாமல், வெள்ளைச் சேட்டுடன் சிரித்துக்கொண்டு நிற்கும் கமக்காரரைக் காட்டும் படமும் சொல்லாமற் சொல்லும் அதே பொய்தான்.

ஒரு பால்மாவின் கதை

இவ்வழிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குழந்தைப் பால்மாவின் வரலாறு சான்றாகும். ஏழை நாடுகளில் குழந்தைப் பால்மாக் கொம்பனிகள் கொழுத்த வெள்ளைக் குழந்தையின் படத்தைக் காட்டின. தாதி உடையணிந்த விற்பனைப் பெண்களை மகப்பேற்று விடுதிகளுக்கு அனுப்பின. இலவச மாதிரிப் பேணிகளைக் கொடுத்தன. உன் பால் போதாது என்ற குறையையே அவை தாய்மாரின் மனதில் விதைத்தன.

தாயின் பால் கிணற்று ஊற்றைப் போன்றது. இறைக்க இறைக்கவே ஊறும். குழந்தை உறிஞ்சுவதனாலேயே பால் சுரக்கின்றது. சில நாட்கள் போத்தல் கொடுத்தால் உறிஞ்சுதல் குறைகின்றது, பாலும் குறைகின்றது. இலவசப் பேணி முடியும்போது தாயின் பாலும் வற்றிவிடுகின்றது. அதன் பின்பு விலைகொடுத்து வாங்கவேண்டும். பேணியின் விலையைத் தாங்கமுடியாத தாய் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகின்றாள். சுத்தமில்லாத தண்ணீரும் போத்தலும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவருகின்றன. இவ்வாறு ஏழை நாடுகளில் எண்ணற்ற குழந்தைகள் மெலிந்தும் இறந்தும் போயின.

இதை எதிர்த்து 1977 இல் அமெரிக்காவில் நெஸ்லே கொம்பனியின் பொருட்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் மாநாட்டில், தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளின் விற்பனை பற்றிய சர்வதேசக் கோவை 118 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இப்பொருட்களைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக்கூடாது, பேணியில் குழந்தையின் படம் இருக்கக்கூடாது என்பன அதன் விதிகள். இலங்கையிலும் இவ்வழியில் விதிக்கோவை ஒன்று உண்டு.

அதன் பின்பு கொம்பனிகள் வேறு பாதையைக் கண்டுபிடித்தன. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று அதே பெயரிலும் அதே நிறத்திலும் வேறு பால்மாவைச் செய்து, அதை விளம்பரப்படுத்தின. 2016 இல் உலக சுகாதார மாநாடு மூன்று வயது வரைக்குமான பால்மாக்களின் விளம்பரத்தையும் நிறுத்துமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

இடம்பெயர்ந்த காலங்களில் இந்த ஆபத்து கூடுகின்றது. தண்ணீருக்கும் விறகுக்கும் தட்டுப்பாடு; போத்தலைக் கொதிக்கவைக்க வசதி இல்லை. அதிர்ச்சியினால் பால் வற்றிவிட்டது என்று பலர் சொல்வார்கள். பயமும் களைப்பும் பால் இறங்குவதைச் சில வேளை தடுத்தாலும், குழந்தையைத் தொடர்ந்து அணைத்து ஊட்டினால் பால் மீண்டும் வரும். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். அதன் பின்பு வீட்டு உணவுடன் இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம். தாய்ப்பால் கொடுக்க முடியாத நிலையிலுள்ள தாய்மாரும் இருக்கின்றார்கள். அவர்களைக் குறைகூறாமல், குடும்ப நல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ அழைத்துச் செல்லவேண்டும். விளம்பரம் வைத்தியர் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வளர்ந்த பிள்ளைகளுக்கான பால்மா நஞ்சு அல்ல, அதுவும் உணவுதான். ஆனால் அதை வாங்காதவர் நல்ல பெற்றோர் அல்ல என்பது பொய். 400 கிராம் முழு ஆடைப் பால்மாவில் ஏறத்தாழ 100 கிராம் புரதம் உண்டு. 400 கிராம் பயற்றிலும் கிட்டத்தட்ட அதே அளவு புரதம் உண்டு. பாலிலுள்ள கல்சியம் பயற்றில் அவ்வளவு இல்லை என்பது உண்மை. முருங்கையிலை, அகத்தியிலை, முள்ளோடு தின்னும் நெத்தலி ஆகியவற்றில் அது நிறைய உண்டு. பிள்ளை உயர்ந்து வளர்வது பெற்றோரின் உடல்வாகு, நாளாந்தம் உண்ணும் எல்லா உணவும், அடிக்கடி நோய் வராமை ஆகிய பலவற்றைப் பொறுத்தது. ஒரு பக்கற்று அதைத் தீர்மானிப்பதில்லை.

சிறு சரைகளிலும் கவனம் தேவை. கணக்குக்காக, 20 கிராம் சரை 60 ரூபா என்றும் 400 கிராம் பக்கற்று 1,100 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். 20 சரைகள் வாங்கினால் 400 கிராம். விலை 1,200 ரூபா. நாட்கூலியில் வாழ்பவர் 100 ரூபா கூடக் கொடுக்கின்றார். எல்லாப் பொருளிலும் பெரியதே மலிவு என்றும் நினைக்கக்கூடாது. சிலவற்றில் சரையே மலிவாக இருக்கும். விலையை நிறையால் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும். இதைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமே கொடுங்கள். விளம்பரத்தைப் பார்த்துக் கேட்ட பிள்ளை, கணக்கைப் பார்த்துத் தானே தீர்மானிக்கப் பழகும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, விளம்பரம் வரும்போது சத்தத்தைக் குறைத்துவிட்டு, பிள்ளைகளுடன் பேசுங்கள். "இவர்கள் எங்களுக்கு என்ன குறை இருக்கென்று சொல்லுகினம்? அது உண்மையான குறையோ?" என்று கேளுங்கள். இதை ஒரு விளையாட்டாகவே நடத்தலாம்.

இரண்டாவது, கடைக்குப் போகுமுன் தேவையானவற்றை எழுதிக்கொண்டு போங்கள். எழுதாத பொருளை வாங்கவேண்டுமென்று மனம் சொன்னால் அடுத்த கிழமைவரை பொறுத்திருங்கள். அப்போதும் தேவையென்று தோன்றினால் வாங்கலாம்.

மூன்றாவது, பக்கற்றின் முன்பக்கப் படத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். நிறை, உள்ளடக்கம், காலாவதித் திகதி, உச்ச விலை ஆகியன அங்கே இருக்கும். பொய்யான கூற்றினால் பாவனையாளரை ஏமாற்றுவது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகும். பற்றுச்சீட்டை வைத்திருந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம்.

நான்காவது, மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பகிரலாம். பயறு, உழுந்து, சோளம், கச்சான் ஆகியவற்றை வறுத்து இடித்துச் சத்துமாவும் செய்யலாம். அதற்கு விளம்பரம் இல்லை என்பதனால் அதன் சத்துக் குறைந்துவிடாது.

முதலிலே சொன்ன தாய் அன்றிரவு மகளுக்கு என்ன சொல்லியிருக்கலாம்? "அது நல்ல வடிவான படம், பிள்ளை. அந்தப் பிள்ளை ஓடினது நடிப்புக்காக. நீ பின்னேரம் ஓடினது உண்மையா. நாளைக்கு நானும் நீயுமாப் பயறு அவிப்பம்" என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையின் ஆசையை அடக்காமல், தன்னையும் தாழ்த்திக்கொள்ளாமல் சொல்லக்கூடிய மறுமொழி அது. நிலத்தை இழந்தோம் என்பது உண்மை. நல்லது கெட்டதை நிறுத்துப் பார்க்கும் கமக்காரரின் அறிவை நாம் இழக்கவில்லை. விதைநெல்லைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்து வாங்கியவர்கள் நாங்கள். பெட்டிக்குள் இருந்து வரும் சொல்லையும் அப்படியே ஊதிப் பார்ப்போம்.

கலந்துரையாடலுக்குச் சில கேள்விகள்

1. சென்ற மாதம் உங்கள் வீட்டில் வாங்கிய பொருட்களுள் எவை விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவை?
2. உங்களுக்கு மனப்பாடமான ஒரு விளம்பரத்தை நினைவுகூருங்கள். அது எந்தக் குறையைக் காட்டுகின்றது? மேலே சொன்ன ஆறு வழிகளுள் எவற்றைக் கையாளுகின்றது?
3. விளம்பரங்களில் வரும் வீடும் குடும்பமும் உங்கள் வாழ்க்கையிலிருந்து எவ்வகையில் வேறுபடுகின்றன? அவற்றைப் பார்க்கும்போது உங்கள் மனதில் என்ன தோன்றுகின்றது?
4. ஊரில் இருந்தபோது வீட்டிலேயே செய்து பாவித்த எப்பொருட்களை இப்போது கடையில் வாங்குகின்றீர்கள்? அவற்றுள் எதை மீண்டும் சேர்ந்து செய்யலாம்?